படம் பழுதா? பார்க்கும் வழி பழுதா?

இரவு மணி பத்தரை இருக்கும். தெரு அடங்கிவிட்ட நேரம். அண்டை வீட்டுப் பெண்பிள்ளை வந்து கதவைத் தட்டினாள். "மாமா, உம்மா அழுதுகிட்டே இருக்காங்க. கொஞ்சம் வந்து பாருங்க" என்றாள். குரல் நடுங்கியது.

போய்ப் பார்த்தேன். கூடத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாட்களாக விடாத இருமல் என்று அன்று மாலை அவளுடைய வாப்பாவுக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். எடுத்த இடத்தில் பிலிம் தரவில்லை. இணையத்தில் பார்த்துக்கொள்ளும்படி கைப்பேசிக்கு ஒரு முகவரியை அனுப்பியிருந்தார்கள். அதைப் பெரிய திரையில் திறந்தபோது தோள்களும் நெஞ்சின் மேற்பகுதியும் தெளிவாகத் தெரிந்தன. அதற்குக் கீழே எல்லாம் வெறும் சாம்பல் நிறம்.

"நெஞ்சுல பாதி போயிடுச்சே" என்று அந்தத் தாய் விம்மினார். ரியாத்தில் வேலை செய்யும் மகனுக்குத் தொலைபேசியில் செய்தி போய்விட்டது. அவர் அங்கே விமானச் சீட்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். வாப்பாவோ பிறருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று துண்டை வாயில் வைத்து இருமிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. சாம்பல் நிறம் தொடங்கிய இடம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதைப் போல் நேராக இருந்தது. உடலுக்கு வெளியே இருக்கும் கறுப்புப் பகுதியையும் சேர்த்து, படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அது மூடியிருந்தது. நோய் உடலுக்குள் இருக்கும். உடலுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில் நோய் ஏது? கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப்5 விசையைத் தட்டினேன். பக்கம் மறுபடியும் புதிதாக வந்தது. இம்முறை படம் முழுவதும் தெரிந்தது.

முதல் முறை வந்தது பாதிப் படம். மீதி வழியில் நின்றுபோயிருந்தது. அவ்வளவுதான்.

வாசகப் பெருமக்களே! மதிப்பெண் சான்றிதழ், பத்திர நகல், வேலைக்கான விண்ணப்பத்தில் ஒட்டும் புகைப்படம், பெண் பார்க்கும் இடத்திலிருந்து வரும் படம், ஸ்கேன் அறிக்கை என்று நம் வீட்டுக் காரியங்களில் பாதி இன்று படமாகவே வந்து சேர்கின்றன. அவற்றை நமக்குக் காட்டுவது கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் உள்ள பிரவுசர் எனும் உலாவி. அது காட்டுவது தவறாக இருந்தால் படத்தைச் சந்தேகிப்பதா, அனுப்பியவரைச் சந்தேகிப்பதா, நம் கருவியைச் சந்தேகிப்பதா? இதைப் பிரித்தறியப் பெரிய படிப்பு தேவையில்லை. படம் எப்படி வந்து சேர்கிறது என்ற விவரம் தெரிந்தாலே போதும்.

கடிதமும் பார்சலும்

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வரும் காலத்தை நினைத்துப் பாருங்கள். "பார்சல் தனியாக அனுப்பியிருக்கிறேன், இன்னாரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அதில் எழுதியிருக்கும். கடிதம் கையில் இருக்கும். பார்சலுக்கு வேறொருவர் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

இணையப் பக்கமும் அப்படித்தான். பக்கம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. அதற்குள் படம் இல்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்ற உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் இந்த முறையை முன்மொழிந்தார். பக்கத்தில் ஒரு சிறு குறியும் முகவரியும் இருந்தால் உலாவியே அங்கே போய்ப் படத்தை எடுத்து வந்து எழுத்துக்கு நடுவே பொருத்திக்கொள்ளும். இன்று வரை அடிப்படை அதுவே.

ஆகவே ஒரு படம் நம் கண்ணுக்கு வந்து சேர ஐந்து காரியங்கள் நடக்க வேண்டும். முகவரி சரியாக இருக்க வேண்டும். வழி திறந்திருக்க வேண்டும். கோப்பு முழுதாக வர வேண்டும். அது உலாவிக்குத் தெரிந்த வகையாக இருக்க வேண்டும். கடைசியாக, அளவும் நிறமும் கெடாமல் திரையில் தீட்டப்பட வேண்டும். எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்பதைப் படத்தின் கோலமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

படமே வரவில்லை என்றால்

படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம் போன்ற சிறு சின்னமோ, வெற்றுக் கட்டமோ, ஒரு வரி எழுத்தோ இருந்தால் பார்சல் வீடு வந்து சேரவில்லை என்று பொருள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஒரு படம் மட்டுமா, இந்தத் தளத்தின் படங்கள் எல்லாமா, அல்லது எல்லாத் தளங்களிலுமா?

எல்லாத் தளங்களிலும் படங்கள் இல்லையென்றால் குறை நம் வீட்டில் இருக்கிறது. இணைப்பு மெதுவாக இருக்கலாம். படங்களைக் காட்டாதே என்று அமைப்பில் யாரோ மாற்றியிருக்கலாம். விளம்பரங்களைத் தடுப்பதற்காக நிறுவிய துணைநிரல் நல்ல படங்களையும் சேர்த்துத் தடுத்திருக்கலாம். ஒபேரா மினி போன்ற உலாவிகளில் டேட்டாவை மிச்சப்படுத்துவதற்காகப் படத்தின் தரத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் வசதி உண்டு. பிள்ளைகள் கை பட்டு அது மாறியிருக்கலாம். இதற்கு எளிய சோதனை, அதே பக்கத்தை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறப்பது. துணைநிரல்கள் பொதுவாக அங்கே வேலை செய்வதில்லை. அங்கே படம் வந்தால் துணைநிரலையும் சேமிப்பையும் சந்தேகிக்கலாம். அங்கும் வராவிட்டால் வேறு உலாவியிலும் வேறு கருவியிலும் பாருங்கள்.

கம்ப்யூட்டரின் தேதியையும் ஒரு முறை கவனியுங்கள். பழைய கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் தரும் சான்றுக்குக் காலவரை உண்டு. தேதி தவறினால் அந்தச் சான்றை உலாவி ஏற்க மறுத்துவிடும். பக்கமும் வராது, படமும் வராது.

ஒரு படம் மட்டும் வரவில்லையென்றால் அதன்மேல் வலது சொடுக்குச் சொடுக்கி, படத்தைப் புதிய தாவலில் திறக்கும் கட்டளையைக் கொடுங்கள். அங்கே 404 என்ற எண் வந்தால் அந்த முகவரியில் கோப்பு இல்லை. 403 என்று வந்தால் கோப்பு இருந்தாலும் நமக்குத் தர அனுமதி இல்லை. இரண்டுமே தளத்தை நடத்துபவர் சரிசெய்ய வேண்டியவை. நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் பயன் இல்லை. எண்ணைக் குறித்து அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பள்ளிக்கோ கடைக்கோ சங்கத்துக்கோ இணையப் பக்கம் தயாரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "என் கம்ப்யூட்டரில் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை" என்று தலையைச் சொறிவீர்கள். முதல் காரணம், பக்கத்தில் எழுதிய முகவரி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வட்டையே சுட்டியிருக்கும். அங்கே உங்கள் கம்ப்யூட்டரைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. இரண்டாவது காரணம், கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கருதும். இணையச் சேவைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இயங்கும் லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். மூன்றாவது காரணம், பக்கம் எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான வழியில் வரும்போது படத்தின் முகவரி மட்டும் பழைய எச்.டி.டி.பி. வழியில் இருப்பது. இன்றைய உலாவிகள் அதைப் பாதுகாப்பான வழியிலேயே கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடும்.

படத்துக்குப் பதிலாக ஒரு வரி எழுத்துத் தெரிகிறது என்றேனே, அதைப் பக்கம் தயாரிப்பவர் எழுதி வைக்க வேண்டும். பார்வையற்ற சகோதரர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள், படம் வந்தாலும் அந்த வரியைத்தான் வாசித்துக் காட்டும். "படம் 1" என்று எழுதி முடித்துவிடாமல், படத்தில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லி வையுங்கள்.

பழைய படமே நிற்கிறது என்றால்

மகள் விண்ணப்பத்தில் புகைப்படத்தை மாற்றிவிட்டாள். திரையிலோ பழைய முகமே நிற்கிறது. மறுபடி மாற்றுகிறாள், மறுபடியும் அதே முகம். கடைசித் தேதி நெருங்குகிறது, வீட்டில் பதற்றம்.

உலாவி ஒரு முறை எடுத்த படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே முகவரியைக் கேட்டால் வெளியே போகாமல் தன் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்துவிடும். நேரமும் டேட்டாவும் மிச்சம். ஆனால் அதே முகவரியில் படம் மாறியிருப்பது அதற்குத் தெரியாமல் போகலாம். கம்ப்யூட்டரில் கண்ட்ரோலும் எஃப்5-ம் சேர்த்து அழுத்தினால் அலமாரியை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்து வரும். கைப்பேசியில் உலாவியின் அமைப்பில் சேமித்த படங்களையும் கோப்புகளையும் நீக்கும் வசதி உண்டு. அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். குக்கிகளையும் சேர்த்து நீக்கினால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள். கடவுச்சொல் நினைவில்லாதவர்கள் அப்போது தவிக்க நேரும்.

பாதிப் படம், சாய்ந்த படம்

புகைப்படங்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஜேபெக் என்ற வகை. 1992இல் தரமாக ஏற்கப்பட்டது. அதில் சாதாரண முறையில் சேமித்த படம் மேலிருந்து கீழாக, பாய் விரிப்பதுபோல் விரியும். வழியில் இணைப்பு அறுந்தால் வந்தவரை தெரியும். மீதி சாம்பலாக நிற்கும். என் அண்டை வீட்டில் நடந்தது அதுதான். மறுபடி ஏற்றியும் அதே இடத்தில் நின்றால், சேவைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பே குறையாக இருக்கலாம். அனுப்பியவரிடம் கோப்பின் அளவைக் கேளுங்கள். அங்கே 3 எம்.பி., இங்கே 1 எம்.பி. என்றால் விடை கிடைத்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது, கைப்பேசியில் நேராகத் தெரியும் படம் இணையத்தில் பக்கவாட்டில் படுத்துக்கொள்வது. கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் உள்ளே கோப்பு பெரும்பாலும் படுக்கைவாட்டிலேயே பதிவாகிறது. "காட்டும்போது இந்தப் பக்கம் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு அதனுடன் சேர்க்கப்படுகிறது. அந்தக் குறிப்புக்கு 1 முதல் 8 வரை எண்கள் உண்டு. 2020ஆம் ஆண்டுக்குப் பிந்தைய முன்னணி உலாவிகள் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டுகின்றன. பழைய உலாவிகளில் பல அதைப் பொருட்படுத்துவதில்லை. சில தளங்களோ படத்தைப் பெறும்போதே குறிப்பை மட்டும் அழித்துவிடுகின்றன. ஆகவே விண்ணப்பத்துக்கு அனுப்பும் படத்தின் ஓரத்தைச் சற்று வெட்டி, புதிய பிரதியாகச் சேமித்து, அந்தப் பிரதியைக் கம்ப்யூட்டரில் ஒரு முறை பார்த்த பிறகு அனுப்புங்கள். பொதுவாகப் புதிய பிரதியில் படமே நேராகிவிடும். குறிப்பை நம்ப வேண்டியதில்லை.

வகை தெரியாத படம்

ஐபோனிலிருந்து மருமகன் அனுப்பிய படம் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்ற முறையீடு பல வீடுகளில் உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் ஐபோன்கள் எச்.ஈ.ஐ.சி. என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. அதே தரத்துக்கு இடம் குறைவாகப் பிடிக்கும் வகை அது. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2023 முதல் அதைக் காட்டுகிறது. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்றவை பொதுவாகக் காட்டுவதில்லை. ஐபோன் அமைப்பில் கேமரா பிரிவுக்குள் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், எல்லாவற்றுக்கும் பொருந்தும் வகையை வைத்துவிட்டால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும்.

சிலர் கோப்பின் பெயரில் கடைசி மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டு, வகையை மாற்றியதாக எண்ணுகிறார்கள். அரிசி மூட்டையின்மேல் சர்க்கரை என்று எழுதினால் உள்ளே சர்க்கரை வந்துவிடுமா? கோப்பின் தொடக்கத்திலேயே அதன் வகை பதிந்திருக்கிறது. உலாவி அதைத்தான் பார்க்கும். வகையை மாற்ற வேண்டுமானால் படத்தை உரிய மென்பொருளில் திறந்து, வேறு வகையாகச் சேமிக்க வேண்டும். விண்டோஸில் பெயிண்ட், மாக்கில் பிரிவியூ ஆகியவையே பெரும்பாலும் போதும்.

நிறம், கையெழுத்து, முகம்

அச்சகத்திலிருந்து வந்த திருமண அழைப்பிதழ்ப் படம் திரையில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் தெரிகிறதா? அச்சுக்கு நான்கு மைகள்: நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. திரைக்கு மூன்று ஒளிகள்: சிவப்பு, பச்சை, நீலம். மைகளுக்காகச் சேமித்த படத்தைத் திரையில் காட்டும்போது நிறம் பிசகுவது வழக்கம். "இணையத்துக்கு ஏற்ற மூன்று நிற முறையில் ஒரு பிரதி கொடுங்கள்" என்று அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவேற்றிய கையெழுத்து காணாமல் போவது மற்றொரு புதிர். பி.என்.ஜி. என்ற வகையில் பின்னணியைக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்படி வைக்கலாம். வெள்ளைப் பக்கத்தில் கறுப்புக் கையெழுத்து நன்றாகத் தெரியும். கைப்பேசி கரும்பின்னணிக்கு மாறியிருந்தால் கறுப்பின்மேல் கறுப்பு. கட்டம் வெறுமையாகத் தோன்றும். அதையே சில மென்பொருள்கள் ஜேபெக்காக மாற்றும்போது பின்னணி முழுவதும் கறுப்பாகிவிடும். அப்போது கையெழுத்து உண்மையாகவே அழிந்துவிடுகிறது. வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்திட்டு, வெள்ளைப் பின்னணியோடு சேமித்து அனுப்புவதே பத்திரம்.

முகம் ஒடுங்கியோ அகன்றோ தெரிந்தால் காரணம் கட்டத்தின் அளவு. 350 புள்ளி அகலமும் 450 புள்ளி உயரமும் உள்ள கட்டத்தில் சதுரப் படத்தை அப்படியே திணித்தால் முகம் ஒடுங்கும். கேட்ட விகிதத்துக்கு முன்பே வெட்டிக்கொள்ளுங்கள். படம் மங்கலாக இருந்தால், வாட்ஸ்அப்பில் வந்தபோது சுருங்கியிருக்கலாம். சான்றிதழ், ஸ்கேன் போன்றவற்றைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும்.

திரை முழுவதும் கோடுகளும் வண்ணத் திட்டுகளும் ஓடினால், திரைப்பிடிப்பு ஒன்று எடுத்து வேறொரு கருவியில் பாருங்கள். அங்கே சுத்தமாகத் தெரிந்தால் குறை உங்கள் திரையிலோ அதன் கம்பியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அங்கும் கோடுகள் இருந்தால் உலாவியின் அமைப்பில் கிராபிக்ஸ் முடுக்கத்தை நிறுத்திப் பாருங்கள்.

எச்சரிக்கையாக இருங்கள்

படம் திறக்கவில்லை என்ற அவசரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "இந்தப் படத்தைப் பார்க்க இதை நிறுவுங்கள்" என்று வரும் எதையும் நிறுவாதீர்கள். 2024ஆம் ஆண்டில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் மோசடி பற்றி நம் நாட்டில் காவல்துறையினர் எச்சரித்தார்கள். ஏ.பி.கே. என்பது படம் அன்று. கைப்பேசிக்குள் புகுந்துகொள்ளும் செயலி. உண்மையான படம் "என்னை நிறுவு" என்று கேட்காது.

அதேபோல வகை மாற்றித் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத தளங்களில் ஆதார் அட்டை, பாஸ்போர்ட், வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை ஏற்றாதீர்கள். ஒரு முறை கைவிட்டுப் போன படம் யார் கையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மாற்றிக்கொள்ளும் வழி இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

எதையும் கலைப்பதற்கு முன் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்:

1. பக்கத்தைப் புதிதாக ஏற்றிப் பாருங்கள்.
2. மறைநிலைச் சாளரத்தில் பாருங்கள்.
3. வேறு உலாவியில், வேறு கருவியில் பாருங்கள்.
4. படத்தைத் தனித் தாவலில் திறந்து, வரும் எண்ணைக் குறியுங்கள்.
5. அனுப்பியவரிடம் கோப்பின் வகையையும் அளவையும் கேளுங்கள்.
6. விண்ணப்பமாக இருந்தால், கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் முன்னோட்டத்தைப் பெரியவர் ஒருவரும் பார்க்கட்டும்.

அந்த இரவுக்கு வருகிறேன். முழுப் படமும் தெரிந்தவுடன் அந்தத் தாயின் அழுகை நின்றது. "அப்போ ஒண்ணும் இல்லைதானே?" என்று என்னிடம் கேட்டார். "படம் முழுசா வந்துடுச்சு. அதுல என்ன இருக்குன்னு டாக்டர்தான் சொல்லணும்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. மறுநாள் காலை மருத்துவர் மூலப் படத்தைத் தம்முடைய திரையில் பார்த்து, சளி கட்டியிருக்கிறது என்று மருந்து எழுதிக் கொடுத்தார். ரியாத்தில் இருந்த மகன் விமானச் சீட்டு வாங்கவில்லை.

அந்தப் பெண்பிள்ளை இப்போது எந்தப் படம் வந்தாலும் முதலில் அதன் நான்கு ஓரங்களையும் பார்க்கிறாள். ஓரம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உம்மாவைக் கூப்பிடுகிறாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.